சொட்டாத கசிவு

பாகான் செராயில் தாத்தா வைத்திருக்கும் டீசல் காருக்கு என்னைவிட வயது அதிகம். ஓர் இரவு சும்மா நின்றால் போதும், காலையில் கிளம்ப மறுக்கும். இன்ஜினில் உள்ள கைப்பம்பை இருபது முறை அமுக்க வேண்டும். "வித்துடலாம்பா," என்றார் அப்பா. தாத்தா பதில் பேசவில்லை.

வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறேன் அல்லவா? இன்ஜினோடு சுழலும் பழைய பம்புக்கு வலு குறைந்துவிட்டதாக நானே முடிவு கட்டினேன். டாங்கி அருகே குறைந்த அழுத்த மின்பம்பு ஒன்றைப் பொருத்தினோம். (பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் காரின் பம்பைப் போடாதீர்கள். அதன் அழுத்தம் பழைய டீசல் பம்பின் சீலைக் கெடுத்துவிடும்.)

மறுநாள் சாவியைத் திருப்பியதுமே கார் கிளம்பியது. ஆனால், தரையெல்லாம் டீசல்!

பட்டறை அண்ணன் சிரித்தார். பழைய பம்பு டீசலை உறிஞ்சி இழுக்கிறது. அந்தக் குழாயில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். இரவில் டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். மின்பம்போ பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் வெடிப்பு வெளியே தெரிந்துவிட்டது. வயதான ரப்பர் குழாய். 2019-இல் 10 விழுக்காடாக உயர்ந்த செம்பனை உயிரி டீசல் கலப்பும் இத்தகைய ரப்பருக்கு ஆகாது.

புதுக் குழாய்க்குச் சில வெள்ளிதான் செலவு. மின்பம்பைக் கழற்றிவிட்டோம். பழைய பம்பிலேயே தாத்தா பாரிட் புந்தார் சந்தைக்குப் போய் வருகிறார்.