நோட்டீசா, நயமான கடிதமா?

பாராளுமன்றத்தின் தாயகமென்று மார்தட்டும் இங்கிலாந்திலே, வாடகை வீட்டுத் தொழிலாளி நகரசபையிடம் முறையிடுகிறான்: சுவரெல்லாம் பூஞ்சணம், பிள்ளைக்கு ஓயாத இருமல்! சட்டம் இல்லையா? இருக்கிறது. முதல்தர ஆபத்து என்று கண்டால் நகரசபை நடவடிக்கை எடுத்தே தீரவேண்டும் என்கிறது 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம். நடப்பதென்ன? அதிகாரி வருகிறார், பார்க்கிறார். பலவேளை, வீட்டுக்காரருக்கு நயமாக ஒரு கடிதம் எழுதுவதோடு சரி.

சூட்சுமம் இங்கேதான், தோழர்களே! காரணமே சொல்லாமல் இரண்டு மாதக் கெடுவில் காலிசெய்யச் சொல்லும் வாளை, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வீட்டுக்காரரிடம் தந்தது. புகார் செய்தவனை அதைக்கொண்டு வெட்டக்கூடாதென்று 2015-இல் ஆறு மாதக் காப்பு தந்தார்கள். எப்போது? நகரசபை முறையான நோட்டீஸ் கொடுத்தால்! நயமான கடிதத்துக்குக் காப்பு இல்லை. ஆகவே முறையிட்டவன் தெருவிலே, பூஞ்சணம் சுவரிலே!

2026 மே முதல் நாளோடு அந்தப் பிரிவுக்கு முடிவு கட்டியது 2025-ஆம் ஆண்டுச் சட்டம். வரவேற்கிறோம். ஆனால் சட்டப்புத்தகமா வந்து சுவரைச் சுரண்டும்? நோட்டீஸ் எழுதும் பேனா நகரசபையிடமே இருக்கிறது. ஆளில்லை, பணமில்லை என்பார்கள். நோட்டீசை மீறும் வீட்டுக்காரருக்கு 30,000 பவுன் வரை அபராதம் போட்டு, அந்தப் பணத்தை இதே வேலைக்குச் செலவிட 2017-லேயே அதிகாரம் வந்ததே, எத்தனை முறை எடுத்தீர்கள் என்று கேட்கிறோம்!