மாட்டின் முக நரம்பு அறுந்தால்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், நேரு வீதிப் பக்கத்தில், சென்ற மாதம் ஒரு குடியானவரைச் சந்திக்க நேர்ந்தது. கத்தரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு நின்ற அவர், தமது உழவு மாடு ஒன்றிற்கு முகம் கோணிவிட்டதென்றும், அதை அடிமாட்டுக்கு விற்றுவிடப் போவதாகவும் கூறினார். லாடம் கட்டுவதற்காக அதை நெடுநேரம் கீழே படுக்க வைத்திருந்தபோது, தலைக்கயிற்றின் முடிச்சு கன்னத்தில் அழுந்தியிருந்ததாம். "காற்று அடித்துவிட்டது ஐயா, இனித் தேறாது" என்பது அவர் முடிவு.

காற்றன்று, கயிறே காரணம். மூளையினின்று நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு இணை. அவற்றுள் ஏழாவதாகிய முக நரம்பு காதின் அடியில் வெளிப்பட்டு, கன்னத்தின் மேல் தோலுக்குச் சற்றே கீழாக ஓடுகிறது. அது பழுதுபட்டால் அப்பக்கத்துக் காது தொங்கும், இமை மூடாது, உதடு தளர்ந்து எச்சில் வழியும், மென்ற தீனி கன்னத்திலேயே தங்கும்.

நசுங்கிய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தேறிவிடும். அரிவாளாலோ வேலிக் கம்பியாலோ அறுந்த நரம்பின் நிலை வேறு. 1850-ஆம் ஆண்டில் வாலர் என்னும் ஆங்கிலேயர் தவளை நாக்கின் நரம்புகளை அறுத்துப் பார்த்து, மூளையினின்று பிரிந்த துண்டு சிதைந்துபோவதைக் கண்டறிந்தார். மூளைப் பக்கத்துத் துண்டோ உயிரோடிருந்து, பழைய உறையின் வழியே புதிய இழைகளை விடுகிறது. வளர்ச்சி நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே. ஒரு சாண் தூரம் செல்ல ஏழெட்டு மாதங்களாகும். முனைகள் விலகிக் கிடப்பின் இழைகள் வழிதவறி முடிச்சிட்டுப் போகும். ஆகையால் சஸ்திர வைத்தியர் இரு முனைகளையும் நேராகப் பொருத்தி மிக மெல்லிய நூலால் தைப்பர். காயம் புதிதாயிருக்கும்போதே கொண்டுசெல்வது உத்தமம்.

கண் நரம்புக்கு இவ்விதி பொருந்தாது. அதே மார்க்கெட்டில் நாம் வாங்கும் மீனுக்கும், வயலில் கத்தும் தவளைக்கும், அறுந்த கண் நரம்பு மீண்டும் வளர்ந்து பார்வை திரும்பும். 1940-களில் ஸ்பெரி என்னும் அமெரிக்கர் தவளையின் கண் நரம்பை அறுத்து, கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்தது, ஆனால் ஈ மேலே இருக்கத் தவளை கீழே பாய்ந்தது! ஒவ்வோர் இழையும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிச் சென்றிருந்தது. மாட்டுக்கோ மனிதனுக்கோ இப்பாக்கியம் இல்லை.

குடியானவருக்கு நான் சொன்னவை இவை: தலைக்கயிற்றை உடனே அவிழ்க்க வேண்டும். மூடாத கண்ணில் தூசி படாமல் நிழலில் கட்ட வேண்டும். கண் வறண்டால் புண்ணாகிக் குருடாகும். மெல்லிய தீனி கொடுத்து, தின்றபின் கன்னத்தை விரலால் வழித்துவிட வேண்டும். குரும்பாப்பேட்டையிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும். இனி லாடம் கட்டும்போது தலைக்கு அடியில் வைக்கோல் திணித்த சாக்கு வைப்பது அவசியம்.

விற்பனையை இரண்டு மாதம் தள்ளிவைப்பதாகச் சொல்லிச் சென்றார். மாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.