திருடனைக் கடித்த நாய்க்கும் கல்லில் இடம்!

திருவண்ணாமலை: செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. மாட்டு மந்தைக்காகச் சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு, 7-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் நட்டது. வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. 2 திருடர்களைக் கடித்ததாம். பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்.

மூணாங்கிளாஸ் பொடிசுகளிடம் ‘பல்லவர் காலம்’ என்று ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். கல் முன்னாடி உட்காரவைத்து நாயை வரையச் சொன்னால் போதும். வீரன் கையில் என்ன ஆயுதம் என்று பிள்ளைகளே தேடும். அப்புறம் களிமண்ணில் செய்து பார்க்கலாம்.

பல ஊரில் நடுகல் மேல்தான் துணி துவைக்கிறார்கள். வரைந்த பிள்ளை அதை விடுமா?

ஒன்று, எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சாக்பீஸ், பெயிண்ட் தடவக் கூடாது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது போனால் கோடு தானாகவே தெரியும்.