ஏறத் தெரியும், இறங்கத் தெரியுமா? சென்னையில இருந்துக்கிட்டே மலை ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

ஓட்டம் பத்திப் பேசும்போதெல்லாம் உங்ககிட்டேர்ந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "நான் சென்னையில இருக்கேன். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சமதளம். மலையில நடக்கிற ட்ரெயில் ரேஸுக்குப் பேர் கொடுத்துட்டேன். எப்படித் தயாராகுறது?"

இந்தக் கேள்விக்கு ஒரு தப்பான பதிலை நானே நாலு மாசம் செஞ்சு பார்த்திருக்கேன். அதனால முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

லிஃப்ட்ல இறங்கின கதை

சிக்மகளூர் பக்கம், காபி எஸ்டேட்டுக்கு நடுவுல ஓடுற ஒரு ரேஸ். 30 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 1,400 மீட்டர். முடிக்க 7 மணி நேரம் டைம். நான் அதுக்கு முன்னாடி ரோட்ல நாலஞ்சு ஹாஃப் மாரத்தான் ஓடியிருந்தேன். 21 கிலோமீட்டரை ரெண்டேகால் மணி நேரத்துல முடிக்கிறவனுக்கு 30 கிலோமீட்டருக்கு 7 மணி நேரமா? தாராளம்னு நெனச்சேன்.

மலைக்கு என்ன பண்றது? எங்க அபார்ட்மென்ட்ல 14 மாடி. வாரத்துக்கு மூணு நாள், காலையில அஞ்சரை மணிக்குப் படியில ஏறுவேன். மேல போனதும் லிஃப்ட்ல கீழ வருவேன். மறுபடி ஏறுவேன். பத்து ரவுண்டு. முட்டிக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்க, நேரமும் மிச்சம்.

ரேஸ் அன்னைக்கு முதல் 18 கிலோமீட்டர் சூப்பரா போச்சு. ஏற்றத்துல நிறைய பேரைத் தாண்டினேன். உச்சியில நின்னு போட்டோ எல்லாம் எடுத்தேன். அப்புறம் நீளமான இறக்கம் ஆரம்பிச்சுது. முதல் ரெண்டு கிலோமீட்டர் ஜாலியா ஓடினேன். 22-ஆவது கிலோமீட்டர்ல தொடை நடுங்க ஆரம்பிச்சுது. 24-ல, கால் வெச்சா மடங்குது. மூச்சு வாங்கல, பசி இல்ல, தலை சுத்தல. தொடை மட்டும் "நான் வரலை"ன்னுடுச்சு. கடைசியில செங்குத்தான இடத்துலயெல்லாம் திரும்பி நின்னு, ரிவர்ஸ்ல இறங்கினேன்.

அப்போ எஸ்டேட்ல வேலை பார்க்கிற ஒரு அம்மா, தலையில மூட்டையோட, ரப்பர் செருப்புல, என்னைத் தாண்டிப் போனாங்க. போற போக்குல கன்னடத்துல "நிதான, நிதான"ன்னாங்க. கிண்டல் இல்ல, அக்கறைதான். அவங்க கால் வெச்ச விதத்தை மட்டும் பார்த்துக்கிட்டே நின்னேன். அதுக்குப் பின்னாடி வர்றேன்.

7 மணி 12 நிமிஷத்துல வந்து சேர்ந்தேன். 12 நிமிஷம் லேட். ரிசல்ட்ல என் பேர் இல்ல. நாலு மாசக் காலைத் தூக்கம் போனது போனதுதான். அடுத்த ரெண்டு நாள் இந்தியன் டாய்லெட்ல உட்கார முடியல.

ஊருக்கு வந்ததும் எங்க ரன்னிங் குரூப்ல இருக்கிற மூத்த அண்ணன் ஒருத்தர்கிட்ட புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாடி ஏறினல்ல, எப்படிடா இறங்கின?"

"லிஃப்ட்ல அண்ணா."

"ரேஸ்ல லிஃப்ட் வெச்சிருந்தாங்களா?"

இன்னைக்கு எபிசோடோட மொத்த விஷயமும் அந்தக் கேள்விதான். மலை ரேஸுக்குப் பயிற்சின்னா எல்லாரும் ஏர்றதைத்தான் நெனைக்கிறோம். ஆனா நிறைய பேரோட ரேஸ் முடியறது இறக்கத்துல.

இறங்கும்போது தொடைக்கு என்ன ஆகுது?

ஏற்காடு, ஊட்டி பஸ்ல இறங்கும்போது பிரேக் கருகுற வாசனை வரும் பாருங்க, அதுதான் கதை. ஏறும்போது கஷ்டப்படுறது இன்ஜின். இறங்கும்போது கஷ்டப்படுறது பிரேக்.

நம்ம உடம்புல இன்ஜின்னா இதயமும் நுரையீரலும். பிரேக்னா தொடையோட முன்பக்கத் தசை. ஏறும்போது அந்தத் தசை சுருங்கிக்கிட்டே வேலை செய்யுது. இறங்கும்போது உடம்பு கீழ விழாம தாங்கிப் பிடிக்கணும், அதே நேரத்துல முட்டியும் மடங்கணும். அதாவது தசை இழுபட்டு நீளும்போதே எதிர்த்துப் பிடிக்குது. இந்த மாதிரி வேலையிலதான் தசை நார்கள்ல நுண்ணிய சேதம் அதிகமா ஆகும். ஓடி முடிச்ச அன்னைக்கு விட அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல வலி உச்சத்துக்குப் போறதும் இதனாலதான்.

ரொம்ப ஏமாத்துற விஷயம் என்னன்னா, இறங்கும்போது மூச்சு வாங்காது. மிதமான இறக்கத்துல சமதளத்தை விடக் குறைவான சக்திதான் செலவாகுது. அதனால வாட்ச்ல ஹார்ட் ரேட் பார்த்தா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். பிரேக் தேயறதை எந்த வாட்சும் காட்டாது.

நல்ல செய்தியும் இருக்கு. தசை சீக்கிரம் கத்துக்கும். ஒரு தடவை நல்லா இறங்கி வலிச்சு, ஆறின பிறகு, அதே இறக்கத்தை மறுபடி செஞ்சா வலி கணிசமா குறையும். அந்தப் பாதுகாப்பு சில வாரம் வரைக்கும் நிக்கும். லிஃப்ட்ல இறங்கினவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவே கிடைக்காது.

உலகத்தோட பழைய ரேஸும் இதைத்தான் சொல்லுது

கலிபோர்னியாவுல வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்னு ஒரு ரேஸ், 100 மைல். அது பிறந்த கதையே சுவாரஸ்யம். அந்தப் பாதையில டெவிஸ் கப்னு ஒரு குதிரைப் பந்தயம் நடக்கும், 100 மைலை ஒரே நாள்ல முடிக்கணும். 1974-ல கோர்டி ஐன்ஸ்லீங்கிறவர் குதிரை இல்லாம, குதிரைகளோட சேர்ந்து ஓடி, 23 மணி 42 நிமிஷத்துல முடிச்சுட்டார்.

அந்த ரேஸ்ல மொத்த ஏற்றம் சுமார் 5,500 மீட்டர். மொத்த இறக்கம் சுமார் 7,000 மீட்டர். ஏர்றதை விட இறங்குறது அதிகம். கேட்டா சுலபம்னு தோணும். ஆனா பள்ளத்தாக்குகள்ல இறங்கி இறங்கித் தொடை போனதாலதான் ரேஸ் கையை விட்டுப் போச்சுன்னு சொல்ற ஓட்டக்காரங்க அங்க ஏராளம்.

முதல்ல ரேஸைப் படிங்க

பேர் கொடுத்ததும் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க. ட்ரெயில் ஓட்டத்துல பயன்படுத்துற ஒரு எளிய கணக்கு இருக்கு: தூரத்தோட, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கணும். என்னோட 30 கிலோமீட்டர், 1,400 மீட்டர் ரேஸ் உண்மையில 30 கூட்டல் 14, அதாவது 44. நான் ஹாஃப் மாரத்தானை விடக் கொஞ்சம் பெருசுன்னு நெனச்சது முழு மாரத்தானையே தாண்டியிருக்கு.

இன்னொரு கணக்கு 1892-லேர்ந்து இருக்கு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் மலையில நடக்கிறவங்களுக்காகப் போட்டது. சுமாரா, மணிக்கு 5 கிலோமீட்டர், அதுக்கு மேல 100 மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிஷம். என் ரேஸை முழுக்க நடந்தே போயிருந்தா 8 மணி 20 நிமிஷம் ஆகும். 7 மணி நேரம் தாராளமே இல்ல! இதைப் பேர் கொடுக்கும் முன்னாடியே போட்டுப் பார்த்திருக்கணும்.

சென்னையில மலை எங்க இருக்கு?

முதல்ல மாடிப்படி. ஒரு மாடிக்குச் சுமார் 3 மீட்டர். 14 மாடி 42 மீட்டர். பத்து ரவுண்டு போனா 420. ஏறுங்க, இறங்கவும் செய்ங்க. முதல் ரெண்டு வாரம் மூணே மூணு ரவுண்டு மட்டும் இறங்குங்க, மிச்சத்துக்கு லிஃப்ட் ஓகே. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு ரவுண்டா கூட்டுங்க. கைப்பிடி பக்கமாவே இறங்குங்க. மொபைல் வேண்டாம்.

ஜிம்ல ட்ரெட்மில் இருந்தா, 15 சதவீதச் சரிவு வெச்சு, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரம் நடந்தா 740 மீட்டர் ஏறின கணக்கு. ஏற்றத்துக்கு அருமையான கருவி. ஆனா அதுல இறக்கம் கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்தது பரங்கிமலை. கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 300 அடிதான். ஆனா படியும் இருக்கு, ரோடும் இருக்கு. படியில ஏறி ரோட்ல ஓடி இறங்கலாம். மேல இருக்கிறது சர்ச், கும்பிட வர்றவங்களுக்கு வழி விட்டு ஓடுங்க.

மாசத்துக்கு ஒரு தடவை நிஜ மலை. ஏலகிரி நமக்கு வசதி: ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில், அங்கேர்ந்து பக்கம். 14 கொண்டை ஊசி வளைவு. விடிஞ்சதும் ஏறி, வண்டி கூட்டம் வரும் முன்னாடி இறங்கிடலாம். தார் ரோடுதான், ஆனாலும் இடைவிடாத இறக்கம்னா என்னன்னு தொடைக்குப் புரியும்.

காட்டுப் பாதைன்னா வனத்துறை அனுமதி இல்லாம போகவே போகாதீங்க. 2018 குரங்கணி காட்டுத்தீயில எத்தனை உயிர் போச்சுன்னு நமக்குத் தெரியும். பயிற்சிக்காகன்னாலும் விதி விதிதான்.

வாரம் எப்படி இருக்கணும்?

ஏற்கெனவே 10 கிலோமீட்டர் சிரமமில்லாம ஓடுறவங்களுக்கு 16 வாரம் வெச்சுக்கோங்க. வாரத்துக்கு நாலு நாள் போதும்.

ரெண்டு நாள் மெதுவான ஓட்டம், பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல. ஒரு நாள் படி இல்லன்னா பரங்கிமலை. ஞாயித்துக்கிழமை நீளமான ஓட்டம். அதைக் கிலோமீட்டர்ல அளக்காதீங்க, மணி நேரத்துல அளங்க. ரெண்டு மணியில ஆரம்பிச்சு, நாலு, நாலரை மணி வரைக்கும் கொண்டு போங்க. நடுவுல நடக்கலாம், தப்பே இல்ல.

வாரத்துக்கு ரெண்டு தடவை வீட்லயே 15 நிமிஷம். ஒரு படிக்கட்டு மேல ஒத்தக் கால்ல நின்னு, மறு காலைத் தரையைத் தொடுற வரைக்கும் மூணு எண்ணி மெதுவா இறக்கணும். ஒரு காலுக்குப் பத்து, மூணு செட். பார்க்கச் சின்னதா இருக்கும். பிரேக்குக்கு இதை விட நல்ல சர்வீஸ் இல்ல.

கடினமான இறக்கப் பயிற்சி பத்து நாளுக்கு ஒண்ணு போதும். வலி போகும் முன்னாடி அடுத்ததைச் செய்யாதீங்க. கடைசிப் பெரிய இறக்கம் ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி முடிஞ்சிடணும்.

ஏறும்போது நடங்க, இறங்கும்போது சின்ன அடி வைங்க

செங்குத்தான ஏற்றத்துல உலகத்தோட முன்னணி ஓட்டக்காரங்களே நடக்கிறாங்க. கையைத் தொடையில ஊன்றி, வேகமா நடக்கணும். அதுவும் ஒரு திறமை, பழகணும்.

இறக்கத்துக்கு, அந்த எஸ்டேட் அம்மாதான் என் குரு. அவங்க அடி சின்னச் சின்னதா, சட்டுசட்டுன்னு விழுந்துது. முட்டி எப்பவும் லேசா மடங்கியே இருந்துது. நான் பயத்துல உடம்பைப் பின்னாடி சாய்ச்சு, காலை நீட்டி நீட்டி, குதிகாலால பிரேக் போட்டுக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு அடியும் ஒரு முழு பிரேக். மலைப்பாதை டிரைவர்கள், எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும்பாங்க. நமக்குச் சின்ன அடிதான் லோ கியர். உடம்பை லேசா முன்னாடி வைங்க, கை ரெண்டும் பேலன்ஸுக்கு விரிஞ்சிருக்கட்டும், பார்வை காலுக்கடியில இல்லாம மூணு நாலு மீட்டர் முன்னாடி இருக்கட்டும்.

சாப்பாடு, தண்ணி, எச்சரிக்கை

ரெண்டு மணி நேரத்துக்கு மேலன்னா மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்துல சுமார் 25 கிராம் இருக்கும். கடலைமிட்டாய், பேரீச்சை, உப்புப் போட்டு வேகவெச்ச உருளைக்கிழங்கு எல்லாமே வேலை செய்யும். ரேஸ் அன்னைக்குப் புதுசா எதையும் சாப்பிடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஓட்டத்துலயே வயிறு ஏத்துக்குதான்னு பார்த்துடுங்க. தாகத்துக்குக் குடிங்க, உப்பும் சேர்த்துக்கோங்க. வெறும் தண்ணியையே லிட்டர் லிட்டரா குடிச்சா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு ஆபத்தாயிடும்.

ரேஸ் நடுவுல வலி மாத்திரை வேண்டாம், கிட்னிக்குக் கெடுதல். முடிச்ச பிறகு சிறுநீர் டீ டிகாஷன் கலர்ல போனா, "தண்ணி குடிச்சா சரியாயிடும்"னு வீட்ல படுக்காதீங்க. தசை அதிகமா சிதைஞ்சதோட அறிகுறியா இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

மறுபடி அதே மலை

அடுத்த வருஷம் அதே ரேஸுக்குப் போனேன். இந்த தடவை ஏற்றத்துல நிறைய பேர் என்னைத் தாண்டிப் போனாங்க. போகட்டும்னு நடந்தேன். உச்சியில போட்டோ எடுக்கல. 24-ஆவது கிலோமீட்டர் வந்துது. தொடை வலிச்சுது, ஆனா மடங்கல. போன வருஷம் ரிவர்ஸ்ல இறங்கின அதே சரிவுல, சின்ன அடி வெச்சு, நேரா பார்த்து இறங்கினேன்.

6 மணி 31 நிமிஷம். பெரிய டைமெல்லாம் இல்ல. ஆனா ரிசல்ட்ல பேர் இருக்கு. மறுநாள் காலையில டாய்லெட்ல உட்கார்ந்து எழுந்திருக்கவும் முடிஞ்சுது. என்னைக் கேட்டா அதுதான் மெடல்.

நாளைக்குக் காலையில படி ஏறப் போறீங்கன்னா, மேல போனதும் லிஃப்ட் பட்டனை அமுக்கும் முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. மறுபடி அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். நிதானமா இறங்குங்க.