வெயிலும் நீர்ச்சிற்றுயிர்களும்: நனோத் துகள்களைப் பற்றிக் கமக்காரர் அறியவேண்டியவை

மலைநாட்டு ஓடைகளிலே ஒரு கல்லைப் புரட்டினால், தும்பிக் குடம்பிகள், நத்தைகள், சிறு நண்டுகள் முதலிய முள்ளந்தண்டிலா உயிர்களைக் காணலாம். தேங்கிய நீரிற் கடுகளவான நீர்த்தெள்ளுகள் நீந்தும். இவற்றுட் சில பாசியை உண்டு நீரைத் தெளியவைக்கின்றன. சில நுளம்புக் குடம்பிகளைத் தின்கின்றன. யாவும் மீனுக்கு இரையாகின்றன.

2021 ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவ உரம் இறக்குமதியானபோது, "நனோ" என்னும் சொல் கமக்காரரிடையே பரவியது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும். 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ள துகள்களே நனோத் துகள்கள். அவற்றுள் ஒன்றாகிய டைட்டேனியம் ஈரொட்சைட்டு, வெயிற்காப்புக் களிம்புகளிலும் சிலவகைப் பூச்சுகளிலும் சேர்க்கப்படுகிறது.

இத்துகள் இருளில் பெரிதும் தீங்கற்றது. வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் படும்போதோ, நீரோடும் அதிற் கரைந்த ஒட்சிசனோடும் தாக்கமுற்று, உயிர்க்கலங்களை அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. துகள் தான் தேய்வதில்லை. ஆதலின் வெயில் உள்ளவரை இத்தாக்கம் தொடரும். 2012இல் அமெரிக்க அறிஞர் வெளியிட்ட ஆய்வொன்றில், சாதாரண ஆய்வுகூட ஒளியில் லீற்றருக்கு 500 மில்லிகிராம் இட்டும் நீர்த்தெள்ளுகளிற் பாதி இறக்கவில்லை. வெயிலை ஒத்த ஒளியில், ஏறத்தாழ 0.03 மில்லிகிராமே இரண்டு நாளிற் பாதியைக் கொன்றது. நிழலிற் சோதித்து "தீங்கற்றது" எனக் கண்ட பொருள், வெயிலில் நஞ்சாகலாம் என்பது இதனால் விளங்கும். எனினும் நனோ என்னும் பெயருடைய யாவும் இவ்வாறே எனக் கொள்ளலாகாது.

மலைநாட்டிற்கு இது ஏன் முக்கியம்? உயரம் 1,000 மீற்றர் கூடுந்தோறும் ஊதாக்கடந்த கதிர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் மிகும். நுவரெலியா நகரமோ ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்குள்ள ஓடைகள் தெளிந்தவை, ஆழமற்றவை. கதிர்கள் அடிவரை செல்லும். கலங்கிய நீரிலும், இலைச்சாறு ஊறிய பழுப்பு நீரிலும் ஒளி குறைவாகவே புகும். நானுஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியே மகாவலியை அடைகிறது. அட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் களனி கங்கைக்குச் செல்கிறது. எனவே, மேலே கரட், லீக்ஸ், கோவா பயிரிடுவோர் ஓடையில் விடுவது கீழே வயல் செய்வோரையும் சாரும்.

ஆகவே கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று:

1. தெளிகருவி, பூச்சுத் தூரிகை, மருந்துக் கொள்கலம் ஆகியவற்றை ஓடையிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. தெளிகருவி கழுவிய நீரை, மருந்திட்ட பாத்தியிலேயே தெளித்துவிடுக.

2. ஓடைக்கரையிற் புல்வரிசை ஒன்றை விட்டுவைக்க. அது வழிந்தோடும் மண்ணையும் அதனோடு வரும் துகள்களையும் தடுக்கும்.

3. கரையோர நிழல்மரங்களை வெட்டாதிருக்க. நிழல் நீரிற் படும் கதிர்களைக் குறைக்கும்.

4. பதிவு பெற்ற மருந்துகளையே வாங்கிச் சிட்டையிற் கண்ட அளவில் இடுக. "நனோ" என்னும் பெயரை மட்டும் நம்பி எதனையும் வாங்கலாகாது.

ஓடையிலே கல்லின்கீழ் உயிர்கள் குறையக் கண்டால், மேலிருந்து வரும் நீரை ஆராய்தல் வேண்டும். அவை நீரின் நலத்தைக் காட்டும் முதற் சாட்சிகளாகும்.