எண்பிக்கும் சுமை எவர் தலையில்?

குற்றஞ்சாட்டுபவரே அதனை எண்பித்தல் வேண்டும் என்பது குற்றவியற் சட்டத்தின் பாலபாடம். பொலிஸாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் எதிரிக்கெதிராகச் சான்றாகாது என்பது எமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதி.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விரண்டையும் புரட்டிப்போட்டது. அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அது பலவந்தமாகப் பெறப்பட்டதெனில், அதனைக் காட்டும் சுமை எதிரிக்குரியதாயிற்று. மூடிய அறைக்குள் நடந்ததற்கு அவர் எவரைச் சாட்சிக்கு அழைப்பார்?

சிங்கராசா வழக்கை நாம் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். 1993இல் கைதான அவருக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்திலோ அவரது பெருவிரல் அடையாளம் இருந்தது. தாம் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர் முறையிட்டார். ஆயினும் 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகியது.

எதிரியின் சுமை மிக இலேசானது, பலவந்தம் நிகழ்ந்திருக்கலாம் என்ற சாத்தியத்தைக் காட்டினாலே போதும் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் முன் அரசு வாதிட்டது. எவ்வளவு இலேசாயினும் சுமை எதிரியின் மீதே சுமத்தப்பட்டுள்ளது என்று 2004இல் பதிலளித்த குழு, உரிமை மீறலைக் கண்டது. எமது பார்வையில், அளவை விடுத்து இடத்தை நோக்கியமையே அக்கருத்தின் சிறப்பு. உயர் நீதிமன்றமோ 2006இல், அக்குழுவிடம் முறையிட வழிசெய்த இணக்கமே அரசியலமைப்புக்கு முரணானதெனக் கூறி மனுவை நிராகரித்தது.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்கள் பலரும் இதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டின் திருத்தம் தடுப்புக் காலத்தை 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைத்தது. 16ஆம் பிரிவை அது தொடவில்லை.