ஊட்டத்திறனை மீட்டெடுத்த பாக்டீரியாக்களில் நொதிச் செயல்திறனும் வளர்ச்சியும்

முன்னுரை

ஈ. கோலை பாக்டீரியம் தனக்கு வேண்டிய 20 அமினோ அமிலங்களையும் தானே ஆக்கிக்கொள்ளும். குளுக்கோஸும் சில உப்புகளும் மட்டுமே கொண்ட எளிய ஊடகம் அதன் வளர்ச்சிக்குப் போதும். சடுதிமாற்றத்தால் ஒரு நொதி பழுதுற்றால், அந்நொதி தரும் பொருளை வெளியிலிருந்து அளித்தாலன்றி அது வளராது. இத்தகைய ஊட்டக்குறைத் திரிபுகளுள் மிகச் சில, மற்றொரு சடுதிமாற்றத்தால் இழந்த திறனை மீட்டு எளிய ஊடகத்தில் மீண்டும் வளர்கின்றன. இவை மீள்திரிபுகள் எனப்படும். வளர்ச்சி மீண்டதால் நொதியும் பழைய நிலையை அடைந்தது எனக் கொள்ளலாமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

டிரிப்டோபான் நொதி தரும் சான்று

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் யனோஃப்ஸ்கி குழுவினர் 1960களில் டிரிப்டோபான் சின்தேஸ் நொதியின் ஆல்ஃபா புரதத்தை ஆராய்ந்தனர். இதன் 211ஆம் இடத்தில் இயல்பாக இருப்பது கிளைசின். அவ்விடத்தில் குளூட்டாமிக் அமிலம் அமைந்த திரிபு, டிரிப்டோபான் இன்றி வளரவில்லை. அதன் மீள்திரிபுகள் ஒரே வகையின அல்ல. சிலவற்றில் கிளைசினே திரும்பியிருந்தது. சிலவற்றில் அலனின் அமைந்து நொதி முழுமையாக இயங்கியது. வாலின் அமைந்தவற்றில் செயல்திறன் ஓரளவே மீண்டது.

மற்றொரு வகையில் 211ஆம் இடத்துப் பிழை திருத்தப்படாமலே இருந்தது. 175ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதிலாகச் சிஸ்டீன் அமைந்தது. தனித்தனியே நொதியை முடக்கும் இவ்விரு மாற்றங்களும் ஒருங்கே அமைந்தபோது நொதி ஓரளவு இயங்கியது. ஒரு பிழையை மற்றொரு பிழை ஈடுசெய்தது எனலாம்.

வளர்ச்சி ஏன் சரியான அளவுகோல் ஆகாது?

நொதிச் செயல்திறன் பாதியானால் வளர்ச்சியும் பாதியாகும் என்பதில்லை. செல்லில் டிரிப்டோபான் குறையும்போது அதன் மரபணுக்களை அடக்கும் புரதம் விலகிவிடுகிறது. நொதி மிகுதியாக உற்பத்தியாகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் மந்தமாக இயங்கினும் எண்ணிக்கை அக்குறையை ஈடுசெய்கிறது. இவ்வீடும் போதாதபோதே காலனிகள் சிறுத்து, மெதுவாக வளர்கின்றன. ஆகவே, நொதியின் அளவையும், குறித்த அளவு புரதத்திற்குரிய செயல்திறனையும் தனித்தனியே அளந்தாலன்றி மீட்சியின் தன்மை விளங்காது.

ஏம்ஸ் சோதனை

இம்மீட்சியையே பயன்பாட்டுக் கருவியாக்கியவர் புரூஸ் ஏம்ஸ். அவர் 1970களில் உருவாக்கிய சோதனையில், ஹிஸ்டிடின் ஆக்க இயலாத சால்மோனெல்லா திரிபுகள் ஐயத்திற்குரிய வேதிப்பொருளுடன் வளர்க்கப்படுகின்றன. உடலில் நிகழும் வேதிமாற்றத்தை ஒத்திருக்க, எலியின் கல்லீரல் சாறும் சேர்க்கப்படுகிறது. ஏறத்தாழ 48 மணி நேரத்திற்குப் பின் மீள்திரிபுக் காலனிகள் எண்ணப்படுகின்றன. தாமாகவே தோன்றும் மீள்திரிபுகளைவிட அவை கணிசமாக மிகுந்தால், அப்பொருள் மரபணுவைத் தாக்கவல்லது எனக் கருதப்படுகிறது. இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், 2019 இச்சோதனையை மரபணு நச்சுத்தன்மை ஆய்வுகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன.

இச்சோதனை கேட்பது டி.என்.ஏ. எத்தனை முறை மாறியது என்பதை மட்டுமே. மூலப்பிழை திருந்தினாலும், கடத்து ஆர்.என்.ஏ.வில் நேர்ந்த மாற்றம் அப்பிழையை மறைத்தாலும், தோன்றும் காலனி ஒன்றாகவே எண்ணப்படும். சோதனையின் நோக்கத்திற்கு அது குறையன்று. ஆனால் அக்காலனியைக் காட்டி நொதி குணமடைந்தது என்று முடிவுகூறுவது பிழையாகும்.

முடிவுரை

வளர்ச்சி, உயிர் பிழைக்கப் போதுமான திறன் மீண்டதை மட்டுமே உணர்த்துகிறது. நொதிச் செயல்திறன் எவ்வளவு மீண்டது என்பதை அளவீடும், எவ்வழியில் மீண்டது என்பதை மரபணு வரிசையும் உணர்த்துகின்றன. மீள்திரிபு ஆய்வில் இம்மூன்றையும் இணைத்துக் காண்பதே பொருத்தமான முடிவிற்கு இட்டுச்செல்லும்.